ஏழாம் காம்பராவுக்கு ஐந்து நட்சத்திரம்

உலகப் பங்குச் சந்தைகளின் தலைவிதி நியூயோர்க்கிலும் லண்டனிலும் எழுதப்படுவதாகப் பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். பாவம், நம்பட்டும். இணையக் கம்பனிகளின் ஏற்றமும் இறக்கமும் உண்மையில் இலங்கையின் கினிகத்தேனையில், மஃறூப் நானாவின் பலசரக்குக் கடைப் பின்னறையில், வெங்காய மூட்டைக்கும் கருவாட்டுப் பெட்டிக்கும் நடுவே, ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் தீர்மானமாகின்றன. அங்கே கூடுவது "மத்திய மலைநாட்டு இணையப் பங்கு முதலீட்டாளர் கருத்து வட்டம்". வட்டத்தில் மூன்று பேர். மூன்று பேரை வைத்து வட்டம் போட முடியாது, முக்கோணம்தான் வரும் என்று என் மனைவி சொன்னாள். அவளுக்குப் பொருளாதாரம் தெரியாது.

தலைவர் மஃறூப் நானா. கடை அவருடையது, கதிரைகளும் அவருடையவை, ஆகவே தலைமையும் அவருடையது. பொருளாளர், ஆனைப்பாறைத் தோட்டத்துக் கண்டாக்கு முத்துலிங்கம். மலையில் தேயிலைக் கொழுந்து பறிப்பவர்களை மேற்பார்த்து மேற்பார்த்து, எதைக் கண்டாலும் மேற்பார்க்காமல் இருக்கமுடியாத நிலைக்கு வந்துவிட்டவர். செயலாளர் அடியேன் சுதாகரன், அதே தோட்டத்து ஒபிஸில் கிளாக்கர்.

எங்கள் பணி கருத்துச் சொல்வது. உலகில் மூன்று கருத்துகள்தான் உண்டு: வாங்கு, வைத்திரு, வில். இவற்றுக்குள் அடங்காத சம்பளம், மண்சரிவு, கோதுமை மா விலை போன்ற அற்ப விஷயங்களுக்கு எங்கள் கூட்டத்தில் இடமில்லை. கருவாட்டுப் பெட்டியே பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"ஊர்சுற்றி டொட் கொம்" என்ற ஒன்லைன் பயணக் கம்பனியை முதலில் கண்டுபிடித்தவன் நான்தான். கொலம்பஸுக்குக் கப்பல் இருந்தது. எனக்குப் போன் மட்டும்தான் இருந்தது. இருந்தாலும் அடக்கமாகத்தான் கூட்டத்தில் எடுத்துச் சொன்னேன்.

"இந்தக் கம்பனிக்கு ஹொட்டேல் கிடையாது. வேன் கிடையாது. டிரைவர் கிடையாது. இன்னொருத்தன் ஹொட்டேல வேறொருத்தனுக்குக் காட்டிட்டு நடுவுல நிக்கும்."

"அப்ப தரகுங்க" என்றார் கண்டாக்கு.

"தரகர் வெத்தில போடுவாரு கண்டாக்கையா. இது வெத்தில போடாது. அதனால இது தொழில்நுட்பம்."

நானா தாடியைத் தடவினார். "லாபம் எப்பிடி ஈக்குது?"

"லாபமே இல்ல நானா. வருசா வருசம் நட்டம்."

"கூடுதா, கொறையுதா?"

"கூடுது."

"அப்ப வளருதுன்னு செல்லுங்க!" என்றார் நானா. "என்ட கடையில நட்டம் வந்தா அது நட்டம். ஏன்டு கேட்டா, என்ட கடைக்கு கதவு ஈக்குது. கதவே இல்லாதவன்ட நட்டம், அதுக்குப் பேரு முதலீடு."

இந்த வாசகத்தைக் கூட்டக் குறிப்பில் அடிக்கோடிட்டு எழுதிக்கொண்டேன். பிறகு ஏகமனதாக "வாங்கு" என்றோம், வாங்கினோம். அடுத்த வாரமே பங்கு விலை இறங்கியது. "வைத்திரு" என்றோம். மறுவாரமும் இறங்கியது. விலை இறங்க இறங்க எங்கள் கருத்து உறுதியானது.

இந்தச் சமயத்தில்தான் அந்தக் கம்பனியே எங்கள் தோட்டத்தைத் தேடி வந்தது. "பிராந்திய அனுபவ மேம்பாட்டு அதிகாரி" நிலக்ஷி, வெள்ளைச் சப்பாத்துடன் ஒபிஸ் வாசலில் இறங்கினார். ஹொட்டேல்களில் தங்கித் தங்கி மக்கள் களைத்துவிட்டார்களாம். அவர்களுக்கு இப்போது "உண்மை" தேவைப்படுகிறதாம். உண்மை எங்கே கிடைக்கும் என்று கொழும்பில் ஆராய்ந்ததில், தோட்டத்துத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயங்களில் ஏராளமாகக் கிடப்பது தெரியவந்ததாம். திட்டத்தின் பெயர் "மரபு லய அனுபவம்". தோட்டத்தை நிர்வகிக்கும் துரை அனுமதி கொடுத்துவிட்டுக் கொழும்புக்குப் போய்விட்டார். உண்மை இங்கே வந்ததும் அவருக்கு இடம் போதவில்லை போலும்.

மேல்கணக்குப் பிரிவின் லயத்தில், குடும்பத்துக்கு ஒரே அறையான காம்பரா ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்த நிலக்ஷி, ஏழாம் காம்பராவில் மெய்மறந்து நின்றுவிட்டார்.

"இந்தச் சுவர்! இந்தக் கறுப்பு! எந்தப் பெயின்ட் கம்பனியாலும் இதைக் குடுக்க ஏலாது!"

"அது அடுப்புப் பொகைங்க" என்றாள் பேச்சியம்மா. அந்தக் காம்பராவில் பிறந்து, அதிலேயே வாழ்க்கைப்பட்டு, அதிலிருந்தே புருசனை அடக்கத்துக்கு அனுப்பியவள். கொழுந்துக்காரி. ஒரே மகள் சுதர்ஷினியை உடப்புசல்லாவையில் கட்டிக்கொடுத்திருந்தாள்.

"எத்தன நாளைக்குங்கய்யா?" என்று என்னைக் கேட்டாள்.

"மூணே நாளு. போட்டோ புடிக்க."

"தை பொறந்தா எம்மக வந்துருவாங்க. தலப்பிரசவம், தாய்வீட்டுலதான பாக்கணும். அதுக்குள்ள குடுத்துருவீங்கள்ல?"

"தை எங்கயோ கெடக்கு பேச்சியம்மா. நான் சொல்றது மூணு நாளு."

அவள் சட்டிபானையைக் கட்டிக்கொண்டு பிள்ளைக் காம்பராவுக்குப் போனாள். கொழுந்துக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளைப் பகலில் விட்டுவிட்டுப் போகும் இடம் அது. நிலக்ஷி ஏழாம் காம்பராவில் ஒரு கட்டிலும் வெள்ளை விரிப்பும் போட்டார். கரண்ட் பல்பு மரபுக்கு இடைஞ்சல் என்று கழற்றிவிட்டு அரிக்கன் லாம்பைத் தொங்கவிட்டார். பேச்சியம்மாவின் பழைய கொழுந்துக் கூடையைச் சுவரில் மாட்டினார். பிறகு போட்டோ எடுத்து ஊர்சுற்றியில் போட்டார். பார்த்தால் எனக்கே அங்கே குடியேற ஆசை வந்தது. நல்ல வேளையாக எனக்குக் குவார்ட்டர்ஸ் இருந்தது.

ஆனால் ஒருவரும் வரவில்லை. காரணத்தை நிலக்ஷி போனில் விளக்கினார். "ரேட்டிங் இல்லையே! நிறையப் பேர் அஞ்சு ஸ்டார் போடணும். ஸ்டார் வந்தா புக்கிங் வரும், புக்கிங் வந்தா ஷேர் ஏறும்."

வட்டம் கவலையில் ஆழ்ந்தது. எங்கள் பங்குக்கும் வானத்துக்கும் நடுவே தடையாக நிற்பது நட்சத்திரப் பஞ்சம். அப்போதுதான் கண்டாக்கு முத்துலிங்கம் எழுந்து நின்றார். உலகின் பெரிய முகாமைத்துவக் கல்லூரிகள் அந்த நிமிடத்தைத் தவறவிட்டன.

"இதுக்குப் போயி ஏன் மண்டையப் போட்டு ஒடைக்கிறீங்க? நம்மகிட்டதான் பெரட்டு இருக்கே!"

பெரட்டு என்பது காலையில் வேலைக்குப் போகுமுன் எல்லோரும் வரிசையாக நின்று பெயர் கொடுக்கும் இடம். யார் எந்த மலைக்கு, என்ன வேலை என்று கண்டாக்கு அங்கேதான் பிரித்துக்கொடுப்பார். மறுநாள் காலையில் பனி விலகுமுன் ஆனைப்பாறையில் உலகின் முதலாவது நட்சத்திரப் பெரட்டு நடந்தது. டேட்டாவுக்கு ரீலோட் காட் மஃறூப் நானாவின் அன்பளிப்பு.

"எல்லாரும் போனத் தூக்குங்க!" என்றார் கண்டாக்கு. "ஊர்சுத்திய தொறங்க. ஏழாங் காம்பரா. கடைசி நட்சத்திரத்த அமுக்குங்க. அமுக்காம மலைக்கு ஏறுனா அரைப்பேருதான்!"

ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். குறைத்துப் பறித்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம். கொழுந்துக்கு இருந்த இந்த உயர்ந்த நியதி அன்று விண்மீன்களுக்கும் விரிவாக்கப்பட்டது. நட்சத்திரத்தோடு நாலு வார்த்தை எழுதவும் வேண்டுமாம். மாதிரி வாசகத்தை நான் வழங்கினேன்: "சொர்க்கம். மீண்டும் வருவோம்." பாட்டன் முப்பாட்டன் காலந்தொட்டு அந்த லயத்தைவிட்டு எங்கும் போயிராத ஒரு சனம் முழுவதும் "மீண்டும் வருவோம்" என்று எழுதியது. எனக்கு மெய்சிலிர்த்தது.

வரிசையில் பேச்சியம்மா மட்டும் போனைப் பார்த்தபடி நின்றாள்.

"ஐயா, நான் இப்ப அங்க இல்லியே. நான் எப்புடிங்க போடுறது?"

"முன்ன இருந்தியா இல்லியா?" என்றார் கண்டாக்கு.

"இருந்தேங்க."

"அப்ப தங்கி அனுபவிச்ச ஆளு. ஒன் நட்சத்திரத்துக்குத்தான் மதிப்புக் கூட. போடு!"

"போட்டா காம்பராவ வெரசா குடுத்துருவாங்களாங்க?"

"பின்ன? வேல முடிஞ்சா சாமான திருப்பிக் குடுக்குறதுதான?"

அவள் முகம் மலர்ந்தது. அஞ்சுக்கு மேல் போட வழியில்லையா என்று கேட்டாள். இல்லை என்றதும் அஞ்சாவதைப் போன் கண்ணாடி நெரியும்படி அமுக்கினாள்.

பிறகு நடந்தவை வரலாறு. தினமும் பெரட்டு, தினமும் நட்சத்திரம். ஏழாம் காம்பரா நாட்டின் முதலாவது "மரபுத் தங்குமிடம்" ஆனது. கொழும்பிலிருந்து வந்தார்கள், வெளிநாட்டிலிருந்து வந்தார்கள். தண்ணீர் கொட்டும் பீலியில் குளிக்க வரிசையில் நின்றவர்களுக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்தார்கள். காலில் அட்டை கடித்ததைப் பற்றி ஒருவர் "இயற்கையே நேரில் வந்து வரவேற்றது" என்று எழுதினார். ஊர்சுற்றியின் பங்கு ஏறியது. மூன்று நாள் மூன்று மாதமானது. மஃறூப் நானா தலைமைக் கதிரைக்குப் பஞ்சு வைத்துத் தைத்தார். வட்டத்தின் கருத்து: "வாங்கு. வீட்டை விற்றாவது வாங்கு." எந்த வீடு என்று நாங்கள் குறிப்பிடவில்லை.

தை பிறந்தது. சுதர்ஷினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உடப்புசல்லாவையிலிருந்து பஸ் மாறி மாறி வந்து இறங்கினாள். தான் பிறந்த காம்பராவின் இஸ்தோப்புத் திண்ணையில் ஒரு வெள்ளைக்காரர் காற்சட்டையுடன் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் கும்பிட்டுவிட்டு, கர்ப்பிணியும் அனுபவத்தில் சேர்த்தியா, வேறாகப் பணம் கட்டவேண்டுமா என்று விசாரித்தார். மரியாதையான மனிதர்.

அன்று பின்னேரமே பேச்சியம்மா ஒபிஸ் ஜன்னலுக்கு வந்தாள்.

"ஐயா, மக வந்துட்டாங்க."

"ரொம்ப சந்தோசம்."

"காம்பராவ..."

"ஆவணி வரைக்கும் புக்காயிருக்கே பேச்சியம்மா!"

"அது எங்க காம்பராங்கய்யா."

"முன்ன அப்பிடி. இப்ப அது கம்பனியோட கையிருப்பு."

அவள் ஜன்னலுக்குள் முகத்தை நீட்டினாள். "பிள்ளக் காம்பராவுல பகலெல்லாம் புள்ளைங்க கத்துதுங்க. வகுத்துப் புள்ளக்காரி எங்கங்க படுப்பா? நாள பின்ன பொறக்குற குருத்த எங்க கொண்டாந்து போடுவேன்? ஒரு வார்த்த சொல்லுங்கய்யா, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

கல்நெஞ்சக்காரன் அல்லன் நான். உடனே நிலக்ஷிக்குப் போன் போட்டு, அவளும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

"அவங்களும் போன் அப்ல புக் பண்ணலாமே!" என்றார் நிலக்ஷி. "அவங்க பழைய கஸ்டமர் மாதிரிதானே? விலையில கழிவு தரலாம்."

"என் வீட்டுக்கு நான் புக் பண்ணணுமாங்க?" என்றாள் பேச்சியம்மா.

"ஒனக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும் ஒரே சட்டம். அதுதான் இணையம்" என்று எடுத்துச் சொன்னேன்.

"இந்த ஒழுகுற காம்பராவுக்கு ஏங்கய்யா இம்புட்டுப் பேரு அடிச்சுப் புடிச்சு வர்றாங்க?"

"எல்லாம் நீங்க போட்ட நட்சத்திரம்தான்!" என்றேன் பெருமையாக.

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். "நாங்க போட்டதாலயா?"

"பின்ன?"

"போட்டத மாத்திப் போட முடியுமாங்க?"

முதலீட்டாளர் விழிப்புணர்வு எங்கள் வட்டத்தின் நோக்கங்களில் ஒன்று. "தாராளமா. ஒருத்தர் எத்தன தடவ வேணும்னாலும் கருத்த மாத்தலாம். அது ஒன் உரிமை" என்று அறிவூட்டி அனுப்பினேன். இந்தப் பாழாய்ப்போன வாயை வைத்துக்கொண்டு நான் கிளாக்கராகவே இருப்பதில் ஆச்சரியமில்லை.

பங்குனியில் சுதர்ஷினிக்கு ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று சேதி வந்த காலையில், பேச்சியம்மா பெரட்டுக்கு எல்லோருக்கும் முந்தி வந்தாள். வரிசையின் தலையிலிருந்து கால்வரைக்கும் நடந்தாள். பெரிதாக ஒன்றும் பேசவில்லை.

"நாளைக்கு எம்மக பச்சப் புள்ளையோட வர்றா. ஒத்த நட்சத்திரம் போதும். உள்ளத எழுதுங்க."

கண்டாக்கு வழக்கம்போல் "போனத் தூக்குங்க!" என்றார். தூக்கினார்கள். "அமுக்குங்க!" என்றார். அமுக்கினார்கள். அவர் வரிசைக்கு எதிரே நின்று கட்டைவிரல்களைத்தான் மேற்பார்த்தார். விரல் எதை அமுக்குகிறது என்று எட்டிப்பார்க்கும் பழக்கம் அவருக்கு என்றைக்கும் இருந்ததில்லை. எல்லா விரலும் ஒழுங்காக அசைந்தன. எல்லோருக்கும் முழுப்பேர் போட்டு மலைக்கு அனுப்பினார். இன்றைக்குச் சனம் மளமளவென்று எழுதுகிறதே என்று என்னிடம் பாராட்டவும் செய்தார்.

எழுதியவற்றை நிலக்ஷிதான் கொழும்பிலிருந்து போனில் வாசித்துக் காட்டினார்.

"கூரை ஒழுகுது. படுத்தா மூஞ்சியில சொட்டும்."

"கக்கூசு பள்ளத்துல. மழைக்கு வழுக்கி விழுந்து எங்க மாமியாருக்கு இடுப்பு போச்சு."

"பின்செவுரு வெடிச்சிருக்கு. கை நொழையும்."

"ஒரே காம்பராவுல ஏழு பேரு படுத்தோம். மீண்டும் வர மாட்டோம். போனாத்தான வர்றதுக்கு."

இலக்கியத் தரம் இல்லாத இந்த வரிகளை மக்கள் எப்படித்தான் நம்பினார்களோ, பதிவுகள் சரம் சரமாக ரத்தாகின. ஊர்சுற்றியின் பங்கு மலையிலிருந்து உருட்டிவிட்ட பீப்பாய் மாதிரி இறங்கியது. மஃறூப் நானா பஞ்சு வைத்த கதிரையில் உட்கார முடியாமல் கருவாட்டுப் பெட்டியில் உட்கார்ந்தார்.

மறுநாளே நிலக்ஷி ஓடி வந்தார். ஒரே வழிதான் இருக்கிறது என்றார். முதலீட்டாளர்கள் ஏழாம் காம்பராவிலேயே அமர்ந்து, நேரலையில், உலகத்துக்குத் தங்கள் கருத்தைச் சொல்லவேண்டும். நாங்கள் கோட் போட்டுக்கொண்டு போனோம். காம்பரா காலியாக இருந்தது. கடைசிப் பயணி காலையிலேயே ரத்துச் செய்திருந்தார். வெள்ளை விரிப்புப் போட்ட கட்டிலில் மூவரும் வரிசையாக உட்கார்ந்தோம். நிலக்ஷி போனை உயர்த்தி, பேசுங்கள் என்று சைகை காட்டினார்.

"நான் ஒரு யாவாரி. பொய் செல்ல மாட்டேன்" என்று தலைவர் ஆரம்பித்தார். "இந்த எடம் சொர்க்கம்."

பங்குனிப் பின்னேரத்து மழை சரியாக அந்த இடத்தில் தகரத்தின் மேல் இறங்கியது. முதல் சொட்டு நானாவின் தொப்பியில் விழுந்தது. இரண்டாவது கண்டாக்கின் மூக்கில். நானா பேச்சை நிறுத்தாமல் குடையை விரித்தார். கண்டாக்கும் விரித்தார்.

"விருந்தாளிகளைக் குடை பிடித்து வரவேற்பது தோட்டத்து மரபு" என்று நான் கமராவுக்கு விளக்கினேன்.

"ஸ்மைல்" என்று நிலக்ஷி பல்லைக் கடித்தபடி சொன்னார்.

அப்போது வாசல் இருண்டது. பேச்சியம்மா நின்றாள். பின்னால் சுதர்ஷினி, கைகளில் துணி சுற்றிய குழந்தை. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்திருந்தார்கள், மூவரும் நனைந்திருந்தார்கள்.

"பேச்சியம்மா, கூட்டம் நடக்குது" என்றேன்.

"நடக்கட்டுங்கய்யா. நான் ஒன்னே ஒன்னுதான் கேக்க வந்தேன்." அவள் கத்தவில்லை. "கூர ஒழுகுதுன்னு மழைக்கு மழ ஒங்க ஜன்னல்ல வந்து நின்னேன். 'நல்லாத்தான இருக்கு'ன்னு சொல்லிச் சொல்லி அனுப்புனீங்க. அது எத்தன நட்சத்திரம்யா?"

செயலாளர் என்ற முறையில் இதற்குப் பதில் சொல்ல எனக்கு அதிகாரம் அளிக்கப்பட்டிருக்கவில்லை. கூரையைப் பார்த்தேன். அது கண்ணுக்குள் சொட்டியது.

சுதர்ஷினிக்கு நிற்க முடியவில்லை. வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஒரு சொட்டு குழந்தையின் நெற்றியில் விழுந்து அது வீரிட்டது. மஃறூப் நானாவும் பேரப்பிள்ளை கண்டவர்தானே, யோசிக்கவில்லை. "யா அல்லாஹ், பச்சப் புள்ள!" என்று எழுந்து, தன் குடையைக் குழந்தைக்கு மேலே பிடித்துக்கொண்டு நனைந்தபடி நின்றார். ஒரு வீட்டுக்குள், ஒரு கட்டிலில், ஒரு பச்சைக் குழந்தைக்குக் குடை பிடித்தபடி நின்ற எங்கள் தலைவரை உலகம் பார்த்தது. அதற்குமேல் எந்தக் கருத்தும் தேவைப்படவில்லை. சந்தை மூடும் நேரம் எங்கள் பங்குக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு அம்பு தலைகீழாக நின்றது.

ஆனால் ஊர்சுற்றி சாதாரணக் கம்பனி அல்ல. அது தவறிலிருந்து பாடம் கற்கும். அடுத்த நாள் காலையில் தன் வல்லுநர்களைக் கொண்டு தீர ஆராய்ந்து, பொறுப்பு வாய்ந்த அறிவித்தல் ஒன்றை வெளியிட்டது: "ஆனைப்பாறைத் தோட்டம், மேல்கணக்கு, ஏழாம் காம்பரா, மனிதர் தங்குவதற்கு எவ்வகையிலும் தகுதியற்றது. மதிப்புக்குரிய பயணிகளின் உயிர்ப் பாதுகாப்பைக் கருதி, அது எமது பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறது."

இத்தனை மனச்சாட்சியுள்ள கம்பனியா என்று முதலீட்டாளர்கள் நெகிழ்ந்துபோனார்கள். பங்கு நிமிர்ந்தது. வட்டம் அவசரமாகக் கூடி, "வாங்கு" என்று ஏகமனதாகக் கருத்துத் தெரிவித்தது. நானா மட்டும், குடை இன்னும் காயவில்லை என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கொழும்பிலிருந்து துரை என்னைப் போனில் அழைத்தார். மனிதர் தங்கக்கூடாத இடமாம், நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் தோட்டத்தின் பெயர் கெட்டுவிடும், உடனே ஆகவேண்டியதைப் பார் என்றார். இப்படிப்பட்ட விஷயங்களில் எங்கள் நிர்வாகம் ஒரு நிமிடமும் தாமதிப்பதில்லை. கட்டிலையும் வெள்ளை விரிப்பையும் பத்திரமாகத் தூக்கி ஸ்டோருக்கு அனுப்பினேன். அரிக்கன் லாம்பை இறக்கினேன். மனிதர் தங்கத் தகுதியற்றது என்று எழுத்தில் உறுதியாகிவிட்டதால், ஏழாம் காம்பராவின் சாவியை அன்றைக்கே பேச்சியம்மாவின் கையில் கொடுத்து, மகளையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு உள்ளே போகச் சொன்னேன்.